தகரம் தாண்டிய நாரை

அத்தியாயம் 14

ஹெலன் சேற்றில் குப்புறப் படுத்திருந்தாள்.

சுடிதாருக்கு மேல் கணவன் இம்மானுவேலின் பழைய முழுக்கைச் சட்டை. இரண்டு முழங்கையும் ஈரத்தில் புதைந்திருந்தன. உமி அடைத்த சின்ன மூட்டை மேல் காமிராவின் நீண்ட லென்ஸ். அதன் பின்னால் அவளுடைய வலது கண்.

ஏரியில் தண்ணீர் வற்றி, கணுக்கால் அளவுக்குத்தான் நின்றது. நடந்து இரை தேடும் பறவைகளுக்கு அந்த அளவுதான் பிடிக்கும். பவளக்கால் உள்ளான்கள் சிவப்புக் குச்சிக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தன. அரிவாள்மூக்கன்கள் சேற்றைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி, காய்ந்த வேலிகாத்தான் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு சாம்பல் நாரை அசையாமல் நின்றது.

அந்த நாரைக்காகத்தான் அவள் இருட்டோடு வந்து படுத்திருந்தாள்.

ஏரிப் பறவைகளைப் பற்றிச் சென்னையில் ஒரு படக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். ஹெலன் அனுப்பியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, அதை நடத்தும் கிறிஸ்டினா மேடம் போனில் சொன்னார்: "எல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா எல்லாப் பறவையும் போட்டோவுக்கு நிக்கற மாதிரியே நிக்குது. சண்ட போடுதோ, மீன் புடிக்குதோ, ஏதாவது செய்யற மாதிரி ஒண்ணு வேணும். வெள்ளிக்கிழம சாயங்காலத்துக்குள்ள அனுப்ப முடியுமா?"

இன்று வெள்ளிக்கிழமை.

படம் எடுப்பது ஹெலன். அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தெளிவாக்குவது அவளுடைய ஓரகத்தி ஈஸ்வரி. போன வாரம் வரைக்கும் இதில் ஒரு சிக்கலும் இல்லை. இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தகரம் நிற்கிறது.

புதுவாயல் கூட்டு ரோட்டில் கிரேஸ் ஸ்டுடியோவைத் தெரியாதவர்கள் இல்லை. அண்ணன் இம்மானுவேல் படம் எடுப்பான். தம்பி ஜோஷ்வா ஆல்பம் செய்வான். போன வாரம் ஒரு மாநிறக் கல்யாணப் பெண்ணின் முகத்தை ஜோஷ்வா ஆல்பத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்க வைத்துவிட்டான். "இது நான் இல்ல" என்று அந்தப் பெண் கடையில் நின்று அழுதது. இம்மானுவேல் எல்லோருக்கும் முன்னால் தம்பியைக் கன்னத்தில் அறைந்தான்.

அந்த ஓர் அறையில் கடை இரண்டாகிவிட்டது. காமிராவும் லென்ஸும் அண்ணனுக்கு, கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தம்பிக்கு. நடுவில் கூரைத் தகரம் அடித்தார்கள். அதோடு விடவில்லை, பெயர்ப் பலகையையும் அறுத்தார்கள். இப்போது அண்ணன் பக்கம் 'கிரேஸ்' என்று இருக்கிறது, தம்பி பக்கம் 'ஸ்டுடியோ' என்று இருக்கிறது. கிரேஸ் என்பது அவர்களைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கிவிட்டுக் கண்ணை மூடிய அம்மாவின் பெயர்.

எடுத்த படத்தை முடித்துக் கொடுக்க அண்ணனிடம் வழி இல்லை. முடித்துக் கொடுக்கத் தம்பியிடம் படமே இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

மருமகள்கள் இருவரும் குழாயடியில் மட்டும் பேசிக்கொண்டார்கள். நேற்றும் அங்கேதான் ஈஸ்வரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, வெள்ளையான எடத்த வெளிச்சத்துல எரிய வுட்டுடாத. எரிஞ்சிபோனா உள்ள ஒண்ணுமே இருக்காது, என்னால கொண்டார முடியாது. கொஞ்சம் இருட்டா வேணா இருக்கட்டும். அத நா பாத்துக்கறேன்."

"உங்க ஊட்டுக்காரு வுடுவாரா?"

"அவர யாரு கேட்டா?" என்றாள் ஈஸ்வரி.

நாரை கழுத்தை நீட்டியது.

ஹெலன் மூச்சைப் பிடித்தாள். தண்ணீரில் ஓர் அடி விழுந்தது. நாரையின் அலகில் ஒரு கெளுத்தி மீன், வாலை வீசித் துடித்தது. கெளுத்திக்கு முள் உண்டு. அப்படியே விழுங்க முடியாது. நாரை அதை உதறியது, திருப்பியது, மறுபடி உதறியது.

அப்போதுதான் இடப்பக்கத்திலிருந்து இன்னொரு நாரை வந்தது. கால்கள் முன்னால், சிறகு முழுதாக விரிய, மீனின் மேலேயே இறங்கியது. முதல் நாரை பின்வாங்கவில்லை. கழுத்தை வளைத்து, இரண்டு சிறகையும் குடைபோல் விரித்து எதிரே நின்றது. மீன் அலகிலிருந்து நழுவி மேலே எகிறியது.

ஹெலனின் விரல் பொத்தானில் இருந்து எழவே இல்லை. காமிரா தையல் மெஷின் மாதிரி ஓடியது.

எல்லாம் அவ்வளவுதான். வந்த நாரை தோற்றுப் பறந்தது. நின்ற நாரை மீனைத் தண்ணீரிலிருந்து பொறுக்கி விழுங்கியது. தூரத்தில் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்த சங்கு ஊதியது. இத்தனை வருஷம் பேக்கிங் செக்‌ஷனில் அந்தச் சங்குக்கு ஓடியவள் ஹெலன். இன்று அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து காமிராவின் பின்பக்கம் ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். ஒன்றில் பறவையை விட்டுவிட்டுப் புல் தெளிவாக விழுந்திருந்தது. இன்னொன்றில் சிறகு வெட்டுப்பட்டிருந்தது. அடுத்ததில் மீன் இல்லை. அதற்கடுத்தது…

"ஏசப்பா," என்றாள் ஹெலன்.

இரண்டு நாரையும் நடுவில் மீனும். நின்ற நாரையின் மஞ்சள் கண் ஊசிமுனை மாதிரி தெளிவாக விழுந்திருந்தது. படம் இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்து வெள்ளை எரியவில்லை.

கடை வாசலில் இம்மானுவேல் காத்திருந்தான். கோபமாக இல்லை. அவளுடைய சேற்றுச் சட்டையைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

"கெடச்சிதா?"

"கெடச்சிது. பாரு."

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். இருபது வருஷமாகக் காமிரா பிடித்தவன். அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"நல்லா எடுத்துக்கீற," என்றான். அப்புறம் குரல் மாறியது. "செல்லுக்கு மாத்தி அப்டியே அனுப்பிடு."

"இன்னாயா சொல்ற? இந்த இருட்டோடயா? ஈஸ்வரிகிட்ட குடுத்தா…"

"அந்தப் பக்கம் போவக் கூடாது."

"படம் என்துயா."

"காமிரா என்து. எங்கம்மா எனக்கு வாங்கிக் குடுத்தது. தகரத்த தாண்டினீன்னா இனிமே அத தொடாத. அவ்ளோதான் சொல்வேன்."

பக்கத்துப் பஞ்சர் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹெலனுக்கு முகம் சூடானது. சீமந்தம், மஞ்சள் நீராட்டு என்று பெண்கள் கூடுகிற விசேஷத்துக்கெல்லாம் இந்தக் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான். அப்போது காமிரா யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.

அவள் காமிராவின் பக்கக் கதவைத் திறந்து மெமரி கார்டை எடுத்தாள். காமிராவை அவன் மேஜைமேல் பத்திரமாக வைத்தாள்.

"உன் காமிரா இந்தா கீது. பாத்துக்க."

கார்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, ரோட்டில் இறங்கி, தகரத்தைச் சுற்றி, 'ஸ்டுடியோ' என்று எழுதியிருந்த பக்கத்தில் எல்லோரும் பார்க்க ஏறினாள்.

ஈஸ்வரி கம்ப்யூட்டரை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள். கார்டைச் செருகினாள். திரையில் நாரைகள் விரிந்தன.

"அக்கா!" என்று ஹெலனின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா இது! இத வுட்டுக் குடுப்பாங்களா யாராவது?"

"நீ மொதல்ல வேலயப் பாரு. அவரு வந்துடப் போறாரு."

அவர் வந்துவிட்டார். டீ குடித்துவிட்டுத் திரும்பிய ஜோஷ்வா வாசலிலேயே நின்றான். கன்னத்தில் அறை விழுந்து ஒரு வாரமாகியும் அவன் கை அடிக்கடி அங்கேயே போனது.

"அண்ணி, நீங்க வர்றது போறது பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவரு காமிராவுல எடுத்தது என் கம்ப்யூட்டர்ல ஏறக் கூடாது."

"எடுத்தது உங்கண்ணன் இல்ல ஜோஷ்வா. நானு."

"எனக்கு வேல தெரியலன்னுதான அடிச்சாரு? இப்போ மட்டும் என் வேல வேணுமா?"

"உன் வேலய யாரு கேட்டா?" என்றாள் ஈஸ்வரி, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "நா பண்ணிக்கினு கீறேன். நீ ஓரமா ஒக்காரு."

பொண்டாட்டி அப்படிச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான். திரை அணைந்தது. நாரையும் மீனும் இருட்டில் போயின.

தலைக்கு மேல் ஃபேன் மெல்லச் சுழன்று நின்றது.

ஈஸ்வரி எழுந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தான் ஜோஷ்வா. அவள் மேஜைக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு வயராகக் கழற்றினாள். ஊரை எதிர்த்து, அப்பாவை எதிர்த்து இவனைக் கட்டிக்கொண்டு வந்த பெண் அவள். ஒரு ஃபியூஸ் கட்டை அவளை என்ன செய்யும்?

"இன்னா பண்ற?"

"கரண்ட் உன்து. நீயே வெச்சிக்க. கரண்ட் இருக்கற எடத்துக்கு நாங்க போறோம்."

"ஏய், அது என் பங்கு!"

"நா யார் பங்கு?" என்று கேட்டாள் ஈஸ்வரி.



புதுவாயல் கூட்டு ரோட்டில் அன்று காலை கண்டவர்கள் நாளைக்கும் அதைச் சொல்வார்கள். ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் பெட்டி. ஈஸ்வரி காலை அகட்டி வைத்து ஓட்டினாள். பின்னால் ஹெலன், துப்பட்டா சுற்றிய திரையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு. கல்கத்தா ஹைவேயில் டிரெய்லர் லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு கம்பெனி பஸ் முழுக்க ஜன்னலில் தலைகள்.

"எல்லாரும் பாக்கறாங்கடி."

"பாக்கட்டும் அக்கா. நாம இன்னா திருடிக்கினா போறோம்?"

சின்னப்பொண்ணு மெஸ்ஸின் முன்னால் வண்டி நின்றது. சின்னப்பொண்ணு முன்பு ஹெலனோடு பேக்கிங்கில் வேலை செய்தவள். கல்லில் தோசை ஊற்றிக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இன்னாடி ஹெலனு, ஊட்ட காலி பண்ணிக்கினு வர்றியா?"

"கரண்ட் வேணும். ஒரு டேபிள் வேணும்."

"மிக்ஸி பக்கத்துல ப்ளக்கு கீது. நாஷ்டா சாப்ட்டியா?"

"அப்பறம்."

ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் தட்டோடு எழுந்து இடம் கொடுத்தார்கள். திரை உயிர் பெற்றது. ஈஸ்வரி தன் செல்போன் நெட்டை இணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

முதலில் படத்தை நேராக்கினாள். ஏரி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஓரங்களை வெட்டினாள். இடப்பக்கம் வெறும் தண்ணீர்தான், ஆனாலும் அங்கே கொஞ்சம் விட்டாள். வந்து இறங்கும் நாரைக்கு இடம் வேண்டும். பிறகு இருட்டை மெல்ல மெல்லத் தூக்கினாள். சாம்பல் சிறகில் ஒவ்வோர் இறகும் பிரிந்து வந்தது. எகிறிய மீனின் மீசை தெரிந்தது. அதைச் சுற்றிச் சிதறிய தண்ணீர்ச் சொட்டுகளில் விடியல் மினுங்கியது. இருட்டைத் தூக்கியதில் எழும்பிய பொடிப் புள்ளிகளைப் பின்னணியில் மட்டும் அடக்கினாள். இறகில் கை வைக்கவில்லை. வைத்தால் பறவை பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.

"மச்லி, மச்லி!" என்று வடக்கத்திப் பையன் ஒருவன் திரையில் மீனைக் காட்டிக் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

நின்ற நாரையின் காலுக்குக் குறுக்கே வேலிகாத்தான் குச்சி ஒன்று ஓடியது. ஈஸ்வரியின் விரல் அங்கே நின்றது.

"அத எடுத்துடு. அசிங்கமா கீது."

குரல் பின்னாலிருந்து வந்தது. ஜோஷ்வா. எப்போது வந்தானோ தெரியவில்லை. கோபத்தோடு வந்தவன்தான், படத்தைப் பார்த்ததும் கை துறுதுறுத்துவிட்டது போலிருக்கிறது. "வானத்த கொஞ்சம் செவப்பாக்கு. படத்த தூக்கிக் காட்டும்."

"குச்சி அங்க இருந்திச்சி. வானம் செவப்பா இல்ல."

"யாருக்குத் தெரியப் போவுது?"

ஈஸ்வரி திரும்பி அவனைப் பார்த்தாள். "அந்தக் கல்யாணப் பொண்ணுக்குத் தெரிஞ்சிதே. உன்ன அறைஞ்சது தப்புதான். அதுக்காக நீ பண்ணது சரின்னு ஆயிடாது. இருக்கறத தெளிவா காட்டுவேன். இல்லாதத ஒட்ட மாட்டேன்."

ஜோஷ்வாவின் கை கன்னத்துக்குப் போனது. தட்டோடு நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

வெளியே பைக் சத்தம். இம்மானுவேல் உள்ளே வந்தான். தோளில் காமிராப் பை. அண்ணனும் தம்பியும் ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரே கூரைக்குக் கீழே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

இம்மானுவேல் கிட்டே போனான். அனுப்புவதற்காக ஈஸ்வரி அடித்து வைத்திருந்த எழுத்தை வாசித்தான். படம்: ஹெலன். எடிட்டிங்: ஈஸ்வரி.

"கடை பேரு எங்க?"

"எந்தக் கடை பேரு?" என்றாள் ஹெலன்.

"கிரேஸ் ஸ்டுடியோன்னு போடு."

"அப்போ என் பேரும் வரணும்," என்றான் ஜோஷ்வா பெஞ்சிலிருந்து. "கம்ப்யூட்டர் என்து."

"உன் பேரு எதுக்குடா? நீ இன்னா பண்ண, ஃபியூஸ புடுங்கினதத் தவிர?"

"நீ இன்னா பண்ண? ஏரிப் பக்கம் போனியா?"

"வாய மூடுடா!"

"மறுபடியும் அறைவியா? அறை. இங்கயும் நாலு பேரு கீறாங்க."

"போதும்," என்றாள் ஹெலன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. சட்டையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. "அத்தை பேர தகரம் போட்டு ரெண்டா அறுத்தது நீங்க ரெண்டு பேரு. நாங்க இல்ல. முழுசா ஒட்ட வெச்சிக்கினு வாங்க, அடுத்த படத்துக்குப் போடறோம். இந்தப் படத்துக்கு சேத்துல படுத்தது நானு. கண்ணு வலிக்க ஒக்காந்தது இவ. வேற யாரு பேரும் இதுல வராது."

"ஹெலனு, சொல்றத கேளு…"

"கேட்டுக்கினே இருந்தேன்யா. விசேஷத்துக்கெல்லாம் நா எடுத்தத ஆல்பத்துல உன் பேரு போட்டு குடுத்தியே, ஒரு தடவ கேட்டனா? இது என் நாரை." ஈஸ்வரியின் தோளைத் தொட்டாள். "அனுப்புடி."

ஈஸ்வரி பொத்தானைத் தட்டினாள்.

பழைய செல்போனின் நெட்டில் படம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மெஸ்ஸில் யாரும் சாப்பிடவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு நீண்டுகொண்டே போய், முடிந்தது.

அரை மணி கழித்து ஹெலனின் போன் அடித்தது. கிறிஸ்டினா மேடம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹெலன், படம் பாத்தேன். தேர்ந்தெடுத்தாச்சு, கண்காட்சியில முன்னாடி சுவர்ல அதுதான் வரப்போகுது. இன்னொரு விஷயம். திங்கக்கிழமையிலேர்ந்து பழவேற்காட்டுல எங்க ஆளுங்களோட நீங்க வரணும். பூநாரை வந்திருக்கு. இந்த சீசன் முழுக்க எடுக்கணும். படத்த முடிச்சிக் குடுக்க அந்த ஈஸ்வரியும் வரணும். ரெண்டு பேரும் வந்தாத்தான். முடியுமா?"

ஹெலன் கணவனைப் பார்க்கவில்லை. கொழுந்தனையும் பார்க்கவில்லை.

"வர்றோம் மேடம்," என்றாள்.

போனை வைத்ததும் மெஸ்ஸில் ஒரே கூச்சல். சின்னப்பொண்ணு கரண்டியால் தோசைக்கல்லைத் தட்டினாள். ஈஸ்வரி ஹெலனைக் கட்டிக்கொண்டதில் அவள் மேலும் சேறு ஒட்டியது.

ஜோஷ்வா எழுந்து வந்தான். தொண்டையைச் செருமினான். "கம்ப்யூட்டர எடுத்துக்கினு போங்க. நா ஒண்ணும் சொல்லல."

"நீ சொன்னாலும் எடுத்துக்கினுதான் போயிருப்போம்," என்றாள் ஈஸ்வரி. ஆனால் அவள் குரலில் கொஞ்சம் ஈரம் இருந்தது.

இப்போது எல்லோரும் இம்மானுவேலைப் பார்த்தார்கள். அவன் தோளில்தான் காமிராப் பை தொங்கியது. ஹெலனும் பார்த்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தவள், ஒரு முறை மட்டும் கேட்டாள்.

"குடுக்கறியா, இல்லியா?"

அவன் பையின் வாரை இறுகப் பிடித்தான். சுற்றிலும் அத்தனை முகங்கள். திரும்பி வெளியே போனான். பைக் கிளம்பியது. கடைப் பக்கம் திரும்பவில்லை; கும்மிடிப்பூண்டி பக்கமாக, லாரிகளுக்கு நடுவே போய் மறைந்தது.

"அண்ணி, நா வேணா பின்னாடி போய்…" என்று ஜோஷ்வா ஆரம்பித்தான்.

"வேணாம்."

"காமிரா இல்லாம எப்டி அண்ணி?"

"பழவேற்காட்டுக்கு நா காமிராவோடதான் போவேன். எவன் காமிரான்னு இன்னும் முடிவாவல, அவ்ளோதான்." ஈஸ்வரியிடம் திரும்பினாள். "திருவள்ளூர்ல, திருநின்றவூர்ல யாருகிட்ட பெரிய லென்ஸ் வாடகைக்குக் கெடைக்கும்னு விசாரி. பொம்பளைக்குத் தர மாட்டேன்னு சொல்றவன் நம்பரையும் எழுதிக்க."

மெஸ்ஸின் பின்பக்கக் குழாயில் முழங்கைச் சேற்றைக் கழுவினாள். தோல் உரிந்திருந்தது, தண்ணீர் பட்டதும் எரிந்தது. விடியலில் இருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சின்னப்பொண்ணு, ரெண்டு தோச வை. முறுவலா."

மேஜைமேல் கிடந்த அவளுடைய போன் அடித்தது. ஈஸ்வரி எட்டிப் பார்த்தாள். இம்மானுவேலின் பெயர்.

"அக்கா, மாமா!"

போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஹெலன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எடுக்கலியாக்கா?"

"சாப்ட்டுட்டு எடுக்கறேன்," என்றாள் ஹெலன்.